க்ளோசர் வாங்கப் போகிறீர்களா? சேவ் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

2016 அக்டோபர் 11, அமெரிக்க பேஸ்பால். சிகாகோ கப்ஸுக்கு எதிரான ப்ளேஆஃப் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 5-2 என்ற முன்னிலையோடு கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழைந்தது. மேனேஜர் ப்ரூஸ் போச்சி அந்த ஒரே இன்னிங்ஸில் ஐந்து பிட்ச்சர்களை (பந்து எறிபவர்களை) மாற்றி மாற்றிப் போட்டும் நான்கு ரன் போனது. 6-5 என்று தோற்று சீசனே முடிந்தது. அந்த வருடம் ரெகுலர் சீசனில் மட்டும் 30 சேவ்களைக் கோட்டைவிட்ட அணி அது (சேவ் என்றால் குறுகிய முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுப்பது). ரசிகர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். டிசம்பரில் க்ளோசர் மார்க் மெலன்சனுக்கு நான்கு வருடத்துக்கு 6.2 கோடி டாலர் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் 51, 47 என்று சேவ் எடுத்தவர், பெயரில் ஒரு குறையும் இல்லை. 2017-ல் கை கோளாறு, மொத்தம் 11 சேவ். அணி 162-ல் 98 ஆட்டம் தோற்றது. 2019-ல் அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க அப்படி ஒரு காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியது. நீங்கள்தான் அணிக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களின் எண்களை வைத்து ஆடும் கற்பனை லீக்) ஆடுபவர்களுக்கும் பாதி பயன்படும், மீதிப் பாதி பயன்படாது. ஏனென்றால் ஃபேன்டஸியில் சேவுக்குப் புள்ளி உண்டு, நிஜ பேஸ்பாலில் கிடையாது.

பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: முன்னிலையைக் காப்பாற்ற ஆட்டத்தின் கடைசியில் வரும் பிட்ச்சர்தான் க்ளோசர். நம் ஐபிஎல் டெத் ஓவர் பௌலரை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரி. ஆனால் அவருக்கு நான்கு ஓவர் கோட்டாவைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். க்ளோசரை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வரவே முடியாது. அதனால் அவரை எப்போது இறக்குவது என்பதே பாதி சண்டை.

படி 1: உங்களுக்கு உண்மையிலேயே ஆள் தேவையா?

இதை யாரும் கேட்பதில்லை, நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸை முன்னிலையோடு தொடங்கும் அணி சுமார் 95 சதவீதம் ஜெயிக்கிறது. இது பல தலைமுறைகளாகப் பெரிதாக மாறாத கணக்கு, க்ளோசர் என்ற பதவி உருவாவதற்கு முன்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. மூன்று ரன் முன்னிலை என்றால் சுமாரான பிட்ச்சரே முடித்துவிடுவார். ஒரு ரன் முன்னிலையில்தான் நல்ல ஆளுக்கும் சாதா ஆளுக்கும் வித்தியாசம் தெரியும். போன சீசனில் நீங்கள் கோட்டைவிட்ட ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் போனது எத்தனை, ஒன்பதாவதில் போனது எத்தனை? ‘ப்ளோன் சேவ்’ (கோட்டைவிட்ட சேவ்) என்ற கணக்கில் ஏழாவது இன்னிங்ஸில் முன்னிலையை விட்டவரும் சேர்ந்துவிடுவார், அதனால் அந்த எண்ணைப் பார்த்து மட்டும் க்ளோசர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 70 ஆட்டம் ஜெயிக்கிற அணியாக இருந்தால் இந்த வேலையை விட்டுவிட்டு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) தேடுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். 1996-ல் நியூயார்க் யாங்கீஸ் வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரை ஜெயித்தபோது அதன் எம்விபி (சிறந்த வீரர்) அவர்களுடைய க்ளோசர் ஜான் வெட்லண்ட். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம்) ஆகி டெக்சஸ் போனார், யாங்கீஸ் தடுக்கவில்லை. ஏனென்றால் அவருக்கு முன்னால் வந்து 107 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 130 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) எடுத்த ஒரு பையன் கையில் இருந்தான். மரியானோ ரிவேரா. அவர் 652 சேவ்களோடு ஓய்வு பெற்றார், இன்றுவரை அதுதான் சாதனை.

எனக்குப் பிடித்த உதாரணம் 2013 குளிர்கால பால்டிமோர்தான், ஏனென்றால் அதில் எல்லாப் பாடமும் ஒரே இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய க்ளோசர் ஜிம் ஜான்சன் 2012-ல் 51, 2013-ல் 50 சேவ். அடுத்த வருடச் சம்பளம் ஒரு கோடி டாலரைத் தொடும் என்று தெரிந்ததும் ஓக்லண்டுக்கு ட்ரேட் செய்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக க்ராண்ட் பால்ஃபோரோடு இரண்டு வருடம், 1.5 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் தோள்பட்டை சரியில்லை என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். ஊரே சிரித்தது. க்ளோசரே இல்லாமல் சீசன் ஆரம்பித்தது, டாமி ஹன்டரைப் போட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கடைசியில் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சராக) தேறாமல் புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் காத்திருக்கும் இடத்தில்) உட்கார்ந்திருந்த இடதுகை ஸாக் பிரிட்டனிடம் வேலை போனது. 37 சேவ், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்ச்சர் கணக்கில் விழும் சராசரி ரன், குறைந்தால் நல்லது) 1.65, அணி தன் டிவிஷனை ஜெயித்தது. ஓக்லண்டுக்குப் போன ஜான்சன்? அங்கே ஈஆர்ஏ 7.14, ஆகஸ்ட் மாதத்துக்குள் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

ஆக முதல் படியில் நீங்கள் தேட வேண்டியது: பந்தில் வேகமும் ஒரு நல்ல இரண்டாவது பந்தும் இருந்தும் ஐந்து இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்காத ஸ்டார்ட்டர் உங்களிடம் இருக்கிறாரா? க்ளோசர்கள் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறார்கள். இருந்தால் அவருக்குக் குறைந்தபட்ச சம்பளம், 2025-ல் அது 7,60,000 டாலர். கடையில் இருக்கிற ஆளுக்கு அதைப்போல இருபது மடங்கு.

படி 2: சேவ் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள்

சேவ் என்பதை உருவாக்கியவர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர், அதிகாரப்பூர்வக் கணக்கானது 1969-ல். மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் வந்து ஒரு இன்னிங்ஸ் எறிந்து முடித்தால் சேவ். வேறு வழிகளும் உண்டு, ஆனால் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. அதாவது இரண்டு ரன் கொடுத்து, நெஞ்சைப் பதறவைத்து, மூன்றாவது அவுட்டை எப்படியோ எடுத்தாலும் சேவ்தான். அந்த எண் சொல்வது இரண்டே விஷயம்: மேனேஜர் அவரை நம்பினார், அணி நிறைய குறுகிய முன்னிலைகளை உருவாக்கியது. 51 சேவ் எடுத்த 2012-ல் ஜான்சன் 68 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து எடுத்த ஸ்ட்ரைக்அவுட் வெறும் 41. பந்து மட்டையில் பட்டுக்கொண்டே இருந்தது, ஃபீல்டர்கள் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். இந்த மாதிரி ஆளுக்கு விலை கொடுக்கும்போது அந்த ஷார்ட்ஸ்டாப்பின் உழைப்புக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள், ஆனால் ஷார்ட்ஸ்டாப் உங்களோடு வரமாட்டார்.

ஃபிரான்சிஸ்கோ ராட்ரிகஸ் 2008-ல் 62 சேவ் எடுத்தார், ஒரு சீசனுக்கான சாதனை அது. உடனே நியூயார்க் மெட்ஸ் மூன்று வருடத்துக்கு 3.7 கோடி டாலர் கொடுத்தது. அவர் மோசமாக ஆடினார் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த 62 மறுபடி வரவேயில்லை. வரவும் வராது, அத்தனை வாய்ப்பு அமைவது அவர் கையில் இல்லை.

படி 3: எந்த எண்களைப் பார்ப்பது

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சாவன்ட் என்ற இரண்டு புள்ளிவிவரத் தளங்களும் இலவசம், அணிகளிடம் இருப்பதில் பெரும்பகுதி உங்களுக்கும் கிடைக்கிறது.

ஒரு க்ளோசர் வருடத்துக்கு 60 முதல் 70 இன்னிங்ஸ் எறிகிறார். அதாவது சுமார் 250 பேட்டர்கள். ஒரு ஸ்டார்ட்டர் மே மாதத்துக்குள் அவ்வளவு பேரைப் பார்த்துவிடுவார், மே மாத ஈஆர்ஏவை வைத்து யாரும் ஐந்து வருட ஒப்பந்தம் கொடுப்பதில்லை. ஆனால் க்ளோசருக்கு அதையேதான் செய்கிறோம். எட்வின் டியாஸைப் பாருங்கள். மெட்ஸில் முதல் வருடம், 2019, ஈஆர்ஏ 5.59. அதே மனிதர் 2022-ல் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ 1.31. ஜாஷ் ஹேடர் 2022-ல் 5.22, அடுத்த வருடம் 1.28. இவர்கள் இருவரும் இந்தத் தொழிலின் உச்சியில் இருப்பவர்கள், அவர்களுக்கே இப்படி.

அதனால் ஒரு வருட ஈஆர்ஏவைப் பார்க்காதீர்கள், மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் வரும் எண். சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதத்தை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், எத்தனை சதவீதத்துக்கு இலவசமாக முதல் பேஸ் கொடுத்தார், அவ்வளவுதான். லீக் சராசரி 14 பக்கம் இருக்கும். க்ளோசர் என்று பணம் கேட்பவர் 20-ஐத் தாண்ட வேண்டும், பெரிய பணம் கேட்பவர் 25 பக்கம் வர வேண்டும் என்பது என் கணக்கு. இந்த எண் ஏன் முக்கியம் என்றால் அதில் ஃபீல்டர் இல்லை, அதிர்ஷ்டமும் கம்மி.

அடுத்து எஃப்ஐபி. ஸ்ட்ரைக்அவுட், வாக், உடம்பில் பட்ட பந்து, ஹோம் ரன் நான்கையும் மட்டும் வைத்து, ஈஆர்ஏ மாதிரியே வாசிக்கும்படி கணக்கிடுவது. இதற்கும் ஈஆர்ஏவுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள், பேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2025-ல் யாங்கீஸுக்கு ஆடிய டெவின் வில்லியம்ஸின் ஈஆர்ஏ 4.79, க்ளோசர் வேலையையே பறித்துக்கொண்டார்கள், சொந்த மைதானத்திலேயே கூச்சல். ஆனால் எஃப்ஐபி 2.68. 62 இன்னிங்ஸில் 90 ஸ்ட்ரைக்அவுட். சீசன் முடிந்ததும் ஊருக்குள்ளேயே இருக்கும் மெட்ஸ் மூன்று வருடத்துக்கு 5.1 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது. அவர்கள் வாங்கியது 2.68-ஐ.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு. ஈஆர்ஏ 1.80, எஃப்ஐபி 3.50 என்று ஒருவர் வந்தால் பேஸில் ஏறியவர்களில் எத்தனை பேரை ரன் எடுக்கவிடாமல் நிறுத்தினார் என்ற சதவீதத்தைப் பாருங்கள். சராசரி 72-73. அவருடையது 88 என்றால் அடுத்த வருடம் இறங்கும், அதற்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஸ்ட்ரைக்அவுட் அதிகம் எடுப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதற்குத் தள்ளுபடி கொடுங்கள்.

டேனர் ஸ்காட் விஷயம் இதில் கொஞ்சம் சங்கடமானது. 2024-ல் 72 இன்னிங்ஸ், ஈஆர்ஏ 1.75. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தது. 2025-ல் 4.74, பத்து ப்ளோன் சேவ். 2024-ல் அவருடைய வாக் சதவீதம் 12-க்கு மேல் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த எச்சரிக்கை. வேடிக்கை என்னவென்றால் 2025-ல் வாக் குறைந்துவிட்டது, ஹோம் ரன்தான் ஏறியது. எண்களை ஒழுங்காகப் படித்திருந்தாலும் இந்த விதமாகக் கவிழும் என்று சொல்லியிருக்க முடியாது. அதற்காக எண்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றில்லை, வருடங்களைக் குறைக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அதற்குப் படி 8-ல் வருகிறேன்.

படி 4: பந்தையே பாருங்கள்

ஃபாஸ்ட்பால் வேகத்தை வருடத்துக்கு வருடம் மட்டுமல்ல, மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள். ஏப்ரலில் மணிக்கு 98 மைல், செப்டம்பரில் 96.5 என்றால் ஏன் என்று கேளுங்கள். பேட்டர் ஆடி மட்டையில் படாமல் போன பந்துகளின் விகிதம் முதலில் சரியும், ஈஆர்ஏ அப்புறம்தான் தெரிந்துகொள்ளும்.

எத்தனை விதப் பந்து வேண்டும்? க்ளோசருக்கு இரண்டு போதும். ரிவேரா ஏறக்குறைய ஒரே கட்டரை (கடைசி நேரத்தில் சற்று விலகும் வேகப்பந்து) வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார், 601 சேவ் எடுத்த ட்ரெவர் ஹாஃப்மனுக்கு வேகமே போய்விட்ட பிறகும் சேஞ்ச்அப் (வேகப்பந்து போலக் கிளம்பி மெதுவாக வரும் பந்து) சோறு போட்டது. ஆனால் 2020-லிருந்து ஒரு விதி இருக்கிறது: உள்ளே வந்த பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அரை இன்னிங்ஸ் முடிய வேண்டும். அதனால் எதிர்க்கை பேட்டர்களிடம் (வலதுகை பிட்ச்சருக்கு இடதுகை பேட்டர்) உதை வாங்குபவரை ஒளித்து வைக்க வழியில்லை. எதிரணி மேனேஜர் பெஞ்சில் மூன்று இடதுகைக்காரர்களை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இன்னொன்று, 2023-ல் வந்தது. பேஸின் அளவு பெரிதாகிவிட்டது, ஓடுபவரைப் பிடிக்க பிட்ச்சர் திரும்பி எறிவதற்கும் எண்ணிக்கை வரம்பு வந்துவிட்டது. காலை உயரத் தூக்கி மெதுவாக எறியும் பழைய க்ளோசர் ஒரு வாக் கொடுத்தால் அது டபுள் (இரண்டாவது பேஸ்வரை போகவைக்கும் அடி) கொடுத்த மாதிரிதான். அவர் கைக்கும் கேட்சர் கைக்கும் நடுவே பந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துவிடுங்கள்.

படி 5: உங்கள் மைதானம், உங்கள் இன்ஃபீல்ட்

சுருக்கமாக. கொலராடோ ராக்கீஸ் 2017 டிசம்பரில் வேட் டேவிஸுக்கு மூன்று வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் மைதானம், காற்று அடர்த்தி குறைவு, வளைய வேண்டிய பந்து சரியாக வளையாது, அடித்த பந்து நிற்காது. முதல் வருடம் 43 சேவ், நேஷனல் லீகிலேயே அதிகம், ஆனால் ஈஆர்ஏ 4.13. இரண்டாவது வருடம் 8.65. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது.

பந்து தரையில் உருளும்படி எறிபவர் என்றால் இன்ஃபீல்ட் (பேஸ்களுக்கு அருகில் நிற்கும் ஃபீல்டர்கள்) நன்றாக இருக்க வேண்டும். பிரிட்டனின் 2016-ல் மட்டையில் பட்ட பந்துகளில் 80 சதவீதம் தரையில் போனது. அந்த வருடம் 47-க்கு 47 சேவ், ஈஆர்ஏ 0.54. உயரத் தூக்கி அடிக்கவைப்பவர் என்றால் உங்கள் சுவர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். யாங்கீ ஸ்டேடியத்தில் வலதுபுறக் கோட்டில் 314 அடிதான்.

படி 6: கை

க்ளோசர் வாங்குவதென்பது பெரும்பாலும் ஒரு முழங்கையையும் ஒரு தோளையும் வாங்குவதுதான். டொரன்டோ 2005-ல் பி.ஜே. ரையனுக்கு ஐந்து வருடத்துக்கு 4.7 கோடி டாலர் கொடுத்தது. முதல் வருடம் அபாரம், இரண்டாவது வருடம் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2009 நடுவில் ஒப்பந்தம் முடிவதற்குள்ளேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அறுவை சிகிச்சையிலிருந்து திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகும்.

பார்க்க வேண்டியது: மூன்று வருடத்தில் எத்தனை முறை காயப்பட்டியலில் போனார், ஏன், எத்தனை முறை அடுத்தடுத்த நாட்களில் எறிந்தார், இரண்டாவது நாளில் வேகம் எவ்வளவு குறைந்தது. இந்தக் கடைசி எண்ணை யாரும் பேசுவதில்லை, ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரு ரன் முன்னிலை வந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரை அழைப்பீர்கள் என்பதற்கு அதுதான் பதில். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து எறிய முடியாதவர் என்றால் அவர் உங்களுக்கு ஒன்றேகால் க்ளோசரின் செலவு, ஏனென்றால் மூன்றாவது நாளுக்கு இன்னொருவரையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையை சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். பால்ஃபோர் விஷயத்தில் பால்டிமோரைப் பார்த்து எல்லோரும் கேலி செய்தார்கள், அவர் பிறகு டாம்பா பேவில் சேர்ந்தார், 2014-ல் ஈஆர்ஏ 4.91. அசடு வழியப் பின்வாங்குவது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட மலிவு. இருந்தும் சிலவற்றுக்கு எந்த ஸ்கேனும் உதவாது. டியாஸ் 2022 நவம்பரில் 10.2 கோடி டாலர் வாங்கினார், ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பின்னால் வரும் பிட்ச்சர்) ஒருவர் பத்து கோடியைத் தாண்டியது அதுவே முதல்முறை. அடுத்த மார்ச்சில் நாடுகள் மோதும் வேர்ல்ட் பேஸ்பால் க்ளாசிக்கில் ஜெயித்ததைக் கொண்டாடிக் குதித்தபோது முழங்கால் தசைநாண் கிழிந்தது, 2023 முழுதும் போச்சு.

படி 7: எந்த இன்னிங்ஸ் என்று முன்பே பேசிவிடுங்கள்

‘க்ளோசர் மனசு’ என்று ஒன்று உண்டா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. உண்டு என்றாலும் அதைக் கடையில் எடை போட்டு வாங்க முடியாது. ஆனால் வேலை மாறினால் ஆள் தடுமாறுவது நடக்கிறது. க்ரெய்க் கிம்ப்ரெல் 2021-ன் முதல் பாதியில் கப்ஸுக்கு 0.49 ஈஆர்ஏவோடு எறிந்தார். ஜூலையில் ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் வைட் சாக்ஸ் அவரை வாங்கியது. அங்கே ஏற்கெனவே லியம் ஹென்ட்ரிக்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் இருந்தார், கிம்ப்ரெலுக்கு எட்டாவது. ஈஆர்ஏ 5.09. மறுபக்கம் 2016-ல் க்ளீவ்லண்டின் ஆண்ட்ரூ மில்லர் ஐந்தாவதோ ஆறாவதோ, ஆட்டம் எங்கே திரும்புகிறதோ அங்கே வந்து, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் எம்விபி ஆனார்.

உங்கள் மேனேஜர் எந்த வகை? ஒன்பதாவதைத் தவிர வேறெங்கும் க்ளோசரை இறக்காதவர் என்றால் நீங்கள் வாங்கும் சிறந்த கை முக்கியமான ஆட்டத்தில் உட்கார்ந்தே இருக்கலாம். 2016 வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் வெளியே), டொரன்டோ, சமநிலையில் 11-வது இன்னிங்ஸ். 0.54 ஈஆர்ஏ பிரிட்டன் புல்பென்னில் இருக்க, பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர் உபால்டோ ஹிமெனஸை விட்டுவைத்தார், டொரன்டோவின் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். முன்னிலை வரட்டும் என்று காத்திருந்தாராம். வரவேயில்லை. ஒப்பந்தம் பேசும்போதே வீரரிடமும் மேனேஜரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்: எட்டாவதில் எதிரணியின் முதல் நான்கு பேட்டர்கள் வந்தால் வருவீர்களா?

படி 8: ஒப்பந்தம்

வருடங்கள்தான் விஷம், தொகை அல்ல. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், மூன்றாவதை ரொம்ப யோசித்துக் கொடுங்கள், நான்காவதை டியாஸ், ஹேடர் தரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடம்பர வரிக்கு (அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்டுவது) ஒப்பந்தத்தின் சராசரி வருடத் தொகைதான் கணக்கு. 2025-ல் வரம்பு 24.1 கோடி டாலர். நீங்கள் அதற்குப் பக்கத்தில் இருந்தால் குறைந்த வருடம், அதிகத் தொகை என்ற என் ஆலோசனை உங்களை வரிக்குள் தள்ளலாம், கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

க்வாலிஃபையிங் ஆஃபரை (பழைய அணி ஃப்ரீ ஏஜென்டுக்குக் கொடுக்கும் ஒரு வருட ஒப்பந்தம்) மறுத்துவிட்டு வருபவரை எடுத்தால் ட்ராஃப்ட் (இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்று) வாய்ப்பை இழப்பீர்கள். சீசன் நடுவில் ட்ரேட் ஆனவருக்கு அந்த ஆஃபரே கொடுக்க முடியாது, முன்பு ஒருமுறை வாங்கியவருக்கும் கிடையாது. அதனால் ஜூலையில் அணி மாறியவர்கள் பட்டியலை முதலில் எடுங்கள், ஒரே தரத்தில் இருவர் இருந்தால் இவர் மலிவு. கிம்ப்ரெல் 2018-ல் அதை மறுத்துவிட்டு, ட்ராஃப்ட் முடிந்து அந்தச் சுமை நீங்கும்வரை, அடுத்த ஜூன்வரை வீட்டில் இருந்தார். அப்புறம் கப்ஸ் 4.3 கோடி கொடுத்தது. ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) இல்லாமல் நேராக வந்து 6.53 ஈஆர்ஏ. தாமதமாகக் கிடைக்கிறார், விலை இறங்கிவிட்டது என்று குதிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘இத்தனை ஆட்டம் முடித்துவைத்தால் அடுத்த வருடம் தானாக உறுதி’ என்ற ஷரத்தைப் போடாதீர்கள். ராட்ரிகஸின் மெட்ஸ் ஒப்பந்தத்தில், 2011-ல் 55 ஆட்டம் முடித்தால் அடுத்த வருடம் 1.75 கோடி டாலர் என்று இருந்தது. எண்ணிக்கை ஏற ஏற மெட்ஸுக்கு வயிற்றைக் கலக்கியது. ஜூலையில் மில்வாக்கிக்கு அனுப்பினார்கள், அங்கே க்ளோசர் வேலையில் ஏற்கெனவே ஜான் ஆக்ஸ்ஃபர்ட் இருந்தார். இந்த ஷரத்து இருந்தால் மேனேஜர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் பணம் இருப்பதாக வீரர் நினைப்பார், நினைப்பதில் தப்பும் இல்லை.

படி 9: பட்டியல் போட்டு ஒப்பிடுங்கள்

2025 குளிர்காலத்தையே எடுத்துக்கொள்வோம். டியாஸ்: அந்த வருடம் ஈஆர்ஏ 1.63, டாட்ஜர்ஸ் மூன்று வருடத்துக்கு 6.9 கோடி. வில்லியம்ஸ்: மேலே சொன்னேன், 5.1 கோடி. ரையன் ஹெல்ஸ்லி: 2024-ல் 49 சேவ், எல்லோரையும்விட அதிகம், 2025 நடுவில் மெட்ஸுக்கு வந்து 7.20 ஈஆர்ஏ, அடுத்து என்ன பந்து என்பதை எறியும் முன்பே காட்டிக்கொடுக்கிறார் என்று பேச்சு. பால்டிமோர் இரண்டு வருடத்துக்கு 2.8 கோடி, ஒரு வருடம் முடிந்ததும் அவர் விரும்பினால் விலகலாம்.

என் தேர்வு ஹெல்ஸ்லி, நடுத்தர பட்ஜெட் அணியாக இருந்தால். வேகம் இருக்கிறது, பந்தைக் காட்டிக்கொடுக்கும் பிரச்சினை திருத்தக்கூடியது, கவிழ்ந்தாலும் இரண்டே வருடம். நன்றாக ஆடினால் விலகிப் போய்விடுவார் என்பது குறைதான், ஆனால் அப்போது ஒரு நல்ல வருடம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். டியாஸ் மூவரிலும் சிறந்தவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விலை, தவறினாலும் அடுத்த டிசம்பரில் இன்னொருவரை வாங்க முடிகிற அணிக்கானது. ஸ்காட்டுக்கு 7.2 கோடி கொடுத்து ஒரே வருடத்தில் டியாஸையும் எடுக்க டாட்ஜர்ஸால் முடியும், உங்களால் முடியுமா?

படி 10: கையெழுத்துக்குப் பிறகு

அவர் ஏப்ரலில் இரண்டு சேவைக் கோட்டைவிடுவார். எல்லோரும் விடுவார்கள். அப்போது வேகத்தையும் வாக் எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டும் மாறவில்லை என்றால் எதையும் தொடாதீர்கள். வேகம் ஒன்றரை மைல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள், பத்திரிகைக்காரர்களிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

மாற்று ஆளை முதல் நாளிலிருந்தே வளர்த்துக்கொண்டிருங்கள். டாம்பா பே ரேஸ் 2021-ல் 14 பிட்ச்சர்கள் சேவ் எடுக்க 100 ஆட்டம் ஜெயித்தது. டாட்ஜர்ஸின் 2025 ப்ளேஆஃபில் ஸ்காட் ஒரு பந்துகூட எறியவில்லை, ஆட்டங்களை முடித்துவைத்தது ஸ்டார்ட்டராக வாங்கப்பட்ட ரோகி சசாகி, வேர்ல்ட் சீரீஸின் கடைசி அவுட்டை எடுத்தது இன்னொரு ஸ்டார்ட்டர் யோஷினோபு யமமோட்டோ. ஜூலை வந்தும் ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆட்டம் கண்டால், தோற்றுக்கொண்டிருக்கும் ஐந்தாறு அணிகளின் எட்டாவது இன்னிங்ஸ் பிட்ச்சர்களுக்கு விலை கேளுங்கள். க்ளோசர் என்ற பட்டம் இல்லாததால் அவர்களுக்கு ஒரு பயிற்சி லீக் பையனோ இருவரோ போதும்.